சர்ச் கல்யாணம்: தோழியாக நிற்க மூன்று பேர், யாரை எங்கே நிறுத்துவது?

மாசிநிலா கேட்டது:

வணக்கம். கல்யாணத்துக்கு இன்னும் 11 வாரம் இருக்கு. ரெண்டு வீடும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). காலை 10 மணிக்குத் திருப்பலியோட கல்யாணம், சாயங்காலம் மண்டபத்துல வரவேற்பு. கவுன் இல்ல, வெள்ளைப் பட்டு, தலைக்குப் பின்னால நெட் (மெல்லிய வலைத்துணி முக்காடு). தாலி கயிறுலதான்.

தோழியா நிற்க மூணு பேர் இருக்காங்க. என் தங்கை, வயசு 22. நாத்தனார், அதாவது அவரோட அக்கா; கல்யாணமாகி ரெண்டரை வயசுல குழந்தை இருக்கு. அப்புறம் காலேஜ்ல இருந்து கூடவே இருக்கிற தோழி. அவ இந்து, வேலை பெங்களூருல, முந்தின நாள் ராத்திரிதான் வந்து சேர முடியும். மூணு பேருமே தாங்கதான்னு நினைச்சுட்டு இருக்காங்க.

அவர் பக்கமும் இதே கதை. கூடப் பிறந்த அண்ணன் இருக்கார், உயிர் நண்பர் இருக்கார். நடுவுல எங்க பெரியப்பா, "மச்சினன்தானே மாப்பிள்ளைத் தோழன், அதுதானே முறை"ன்னு என் தம்பியைச் சொல்றார். தம்பிக்கு 17 வயசு.

கேட்க நினைக்கிறது இதுதான். கல்யாணமானவங்க தோழியா நிற்கலாமா? இந்துவான தோழி சாட்சிக் கையெழுத்து போடலாமா? 17 வயசுப் பையன் போடலாமா? பக்கத்துக்கு ரெண்டு பேர் நிற்கலாமா? கடைசியா, இதை எல்லாரிடமும் எப்படிச் சொல்றது?

---

மூணாம்_ஓலை பதில்:

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவோம். நம்மூரில் "தோழி", "தோழன்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்களைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். உறவுக்குத் தரும் மரியாதை ஒன்று, பீடத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று, பதிவேட்டில் போடும் கையெழுத்து ஒன்று. மூன்றையும் ஒரே ஆள் தலையில் வைக்கப் பார்ப்பதால்தான் ஆள் தேர்வு சண்டையாக மாறுகிறது. பிரித்து வைத்தால் உங்களிடம் இருக்கும் ஆறு பேருக்கும் இடம் உண்டு.

திருச்சபைச் சட்டத்தில் தோழி, தோழன் என்ற பேச்சே கிடையாது. 1108ஆம் விதி கேட்பது, திருமணத்தை நடத்த உரிமை பெற்ற குருவோ திருத்தொண்டரோ (டீக்கன்) ஒருவர், அவரோடு இரண்டு சாட்சிகள். அவ்வளவுதான். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் நடத்துபவரைத் தவிர்த்து இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. ஆகவே கல்யாணமானவர் நிற்கலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. கன்னிப்பெண்தான் நிற்க வேண்டும் என்பது சில குடும்பங்களின் வழக்கம் மட்டுமே. வீட்டுப் பெரியவர்கள் அதில் பிடிவாதமாக இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்; ஆனால் "கோவில் விடாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்துத் தோழி சாட்சியாகக் கையெழுத்து போடலாம். திருமணச் சாட்சி கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஞானஸ்நானத்தின் ஞானப்பெற்றோர் விதியோடு போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற சந்தேகம் இது. ஞானப்பெற்றோர் கத்தோலிக்கராகவும் பொதுவாக 16 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். திருமணச் சாட்சியிடம் எதிர்பார்ப்பது வேறு: நீங்கள் இருவரும் வார்த்தைப்பாடு (திருமண உறுதிமொழி) கொடுக்கும்போது அங்கே இருந்து, நடப்பதைப் புரிந்துகொண்டு, பிறகு "ஆம், நடந்தது" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். பிரசங்கம் முடிந்து, வார்த்தைப்பாடும் முடிந்து, காணிக்கைப் பாட்டு பாடும்போது உள்ளே நுழைகிறவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் சாட்சி ஆக முடியாது. ஆகவே காலையில் ரயிலோ பஸ்ஸோ பிடித்து நேராகக் கோவிலுக்கு வருகிற ஆளைச் சாட்சியாகப் போடாதீர்கள். உங்கள் தோழி முந்தின இரவே வந்துவிடுகிறார் என்பதால் சரி.

தம்பி விஷயத்தில் சாட்சிக்கென்று வயதைத் திருச்சபைச் சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கையெழுத்து ஒரு சட்ட ஆவணத்தில் விழுகிறது. 18 நிறைந்தவரைப் போடுவதுதான் பின்னால் கேள்வி வராத வழி. தம்பி தோழனாக நிற்கட்டும், கையெழுத்து வேறொருவர் போடட்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கத் தொடங்கும் முன்பே பங்கு அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். சாட்சிகளின் விவரம் எப்போது தர வேண்டும். கையெழுத்து திருப்பலி முடிந்ததும் மக்கள் முன்னாலா, உள் அறையிலா. பீடத்தின் முன் தோழர்களுக்கு எத்தனை நாற்காலி போட அனுமதி. விவரத்தை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள்: ஆதாரில் உள்ளபடி பெயர், தகப்பனார் பெயர், முகவரி. திருமணச் சான்றிதழ் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் எடுத்து எழுதப்படும். ஆகவே உங்கள் இருவர் பெயரின் எழுத்துகளையும் கையெழுத்துக்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

அன்றைக்கு அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. திருப்பலி முடிந்த உடனே போட்டோக்காரர் ஆட்களை வாசலுக்கு இழுத்துப் போய்விடுவார். ஃபாதர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், சாட்சி வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு சாட்சிகளிடமும், போட்டோக்காரரிடமும், "கையெழுத்து ஆகும்வரை படி இறங்கக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். கோவில் பதிவேட்டில் எழுதியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். அதிலும் சாட்சிக் கையெழுத்து கேட்பார்கள். இரண்டு பேரில் ஒருவராவது உள்ளூரில் இருக்கிறவராகப் பார்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

---

பட்டுநூல் பதில்:

மேலே சொன்னது சரி. நான் வேலைப் பக்கத்தை மட்டும் சொல்றேன். யாரை நிறுத்தணும்னு இதைப் படிச்சாலே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

மெயின் தோழிக்கு உண்மையான வேலை நாலு இடத்துல.

முதலாவது, நீங்க நாற்காலில உட்காரும்போது. நெட் மேல உட்கார்ந்துட்டா, எந்திரிக்கும்போது கொண்டையில செருகின சீப்பு அப்படியே பிடுங்கிட்டு வரும். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் தோழி நெட்டை எடுத்து நாற்காலி முதுகுக்குப் பின்னால தள்ளிவிடணும். திருப்பலி முழுக்க எத்தனை தடவை எந்திரிச்சு உட்காருவீங்கன்னு எண்ணிப் பாருங்க, பத்துக்குக் குறையாது. முழந்தாள்படியிடும்போதும் இதே கவனம் வேணும். குதிகால்ல நெட் மாட்டும்.

ரெண்டாவது, வார்த்தைப்பாடு. வலது கைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுவாங்க. அந்த நேரத்துல கையில பொக்கேயை வெச்சுக்கிட்டு முழிக்கிற பெண்ணை நூறு வீடியோவுல பார்க்கலாம். ஃபாதர் இருக்கையை விட்டு உங்களைப் பார்த்து இறங்கினாலே அதுதான் சைகை. தோழி எந்திரிச்சு உங்க இடது பக்கம் வந்து பொக்கேயை வாங்கிடணும். வாங்கினவ அதைக் கடைசி ஆசீர் வரைக்கும் தானே வெச்சுக்கணும், பீடத்து மேல வைக்கக் கூடாது.

மூணாவதுதான் முக்கியம், தாலி. ஃபாதர் தாலியை ஆசீர்வதிச்சுக் கொடுத்ததும் மாப்பிள்ளை கட்டணும். பின்கழுத்துல நெட் இருக்கு, மல்லிகைச்சரம் இருக்கு, நெக்லஸ் கொக்கி இருக்கு. மாப்பிள்ளைக்குக் கண்ணுல எதுவும் தெரியாது, விரலாலதான் முடிச்சுப் போடணும். அப்போ உங்களுக்கு நேர் பின்னால ஒருத்தர் நின்னு, இடது கையால நெட்டையும் சரத்தையும் சேர்த்து மேல தூக்கி, வலது கையால முடிச்சுக்கு இடம் காட்டணும். இந்த இடம் நம்ம வழக்கத்துல யாரோடது? நாத்தனாரோடது! சில குடும்பத்துல மூணு முடிச்சும் மாப்பிள்ளையே போடுவார், சில குடும்பத்துல முதல் முடிச்சு அவர், மத்த ரெண்டும் நாத்தனார். உங்க ரெண்டு வீட்டு வழக்கமும் ஒண்ணான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க. பீடத்து முன்னால நின்னுக்கிட்டு "நீ போடு, நான் போடு"ன்னு கிசுகிசுக்கிறது மைக்ல கேட்கும்.

சரத்தைப் பின்கழுத்து மயிர்க்காலுக்கு நாலு விரக்கடை மேலயே பின் பண்ணச் சொல்லுங்க. அதுக்குக் கீழ தொங்கினா பூ முடிச்சுக்குள்ள சிக்கும். கயிறு புதுசா விறைப்பா இருந்தா முடிச்சு வழுக்கும். முந்தின நாளே விரலால உருவி மெதுவாக்கி வைங்க. நீளம் ரொம்பக் குறைச்சலா விட்டுடாதீங்க, முடிச்சுப் போட்ட பிறகும் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்கிற அளவு மிச்சம் இருக்கணும்.

நாலாவது மாலை. கழுத்துல மாலை விழும்போது நெட்டும் மாலைக்குள்ள மாட்டிக்கும், அப்புறம் தலையைத் திருப்ப முடியாது. மாலை இறங்கினதும் தோழி நெட்டை வெளியில எடுத்து மாலை மேல விடணும். ரெண்டே நொடி வேலைதான், ஆனா விட்டுட்டா போட்டோ பூரா கோணலா இருக்கும்.

இப்போ உங்க மூணு பேரைப் பாருங்க. பக்கத்துலயே ஒரு மணி நேரம் இருந்து இந்த வேலையைச் செய்ய, முன்கூட்டியே பழகிப் பார்க்க, வீட்டோட இருக்கிற தங்கைதான் சரி. தாலி நேரம் நாத்தனாருக்கு. அது உறவாலேயே வர்ற மரியாதை, யாரும் மாத்திக் கேட்க முடியாது. காலேஜ் தோழிக்குச் சாட்சிக் கையெழுத்து. உங்க பேருக்குப் பக்கத்துல அவ பேர் காலத்துக்கும் பதிவேட்டுல இருக்கும். ஒத்திகை தேவையில்லாத ஒரே இடமும் அதுதான்.

ஒண்ணு மறந்துட்டேன். கைப்பை. ஊக்கு ரெண்டு சைஸ், கொண்டை ஊசி, வெள்ளை நூல் கோத்த ஊசி, கைக்குட்டை, தண்ணி. இதைத் தோழி கிட்டக் கொடுக்காதீங்க, அவ கையில பொக்கே இருக்கும். முதல் பெஞ்சு ஓரத்துல உட்கார்ற சித்தி யாராவது வெச்சுக்கட்டும்.

---

மாசிநிலா:

ரொம்ப நன்றி, பாதிப் பாரம் இறங்கிடுச்சு. ஆனா தங்கையும் தோழியும் ரெண்டு பேருமே முன்னால நிற்கணும்னு ஆசைப்படறாங்க. ரெண்டு தோழி வெச்சுக்கிட்டா என்ன? அப்போ அவர் பக்கமும் ரெண்டு பேர் வேணுமா? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சேலை எடுக்கலாம்னு இருக்கேன்.

---

அளவுஜாக்கெட் பதில்:

ரெண்டு தோழி தாராளமா நிற்கலாம். பக்கத்துக்குப் பக்கம் எண்ணிக்கை சமமா இருக்கணும்ங்கிறது போட்டோவுக்காக வந்த பழக்கம். சமமா இல்லைன்னா ஜோடி ஜோடியா நடக்க வைக்காதீங்க, தனித்தனியா நடக்கட்டும். ஒருத்தர் மூணு பெஞ்சு தாண்டின பிறகு அடுத்தவர் கிளம்பினா இடைவெளி சரியா இருக்கும். ஆனா "வேலை தங்கைக்கு, ரெண்டாவது தோழி உட்கார்ந்திருப்பா"ன்னு தெளிவாச் சொல்லிடுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பொக்கேக்குக் கை நீட்டினா கீழ விழறது பொக்கேதான்.

தோழி இந்து என்பதால ஒரு சின்ன விஷயம். நற்கருணை அப்பம் கொடுக்கிற நேரத்துல, மணமக்களுக்குக் கொடுத்த உடனே ஃபாதர் பக்கத்துல நிற்கிற தோழன் தோழியைத்தான் பார்ப்பார். அவ எந்திரிக்காம நாற்காலியிலயே இருக்கட்டும், இதை அவகிட்டயும் ஃபாதர்கிட்டயும் ரெண்டு பக்கமும் சொல்லி வைங்க. சொல்லாம விட்டா அவ மரியாதைக்காகக் கையை நீட்டிடுவா, பாவம், தப்பு அவளோடது இல்ல. வாசகம் வாசிக்கச் சொல்லலாமான்னு தோணினா, திருப்பலியில வாசகத்தைக் கத்தோலிக்கர்தான் வாசிப்பாங்க, அந்த யோசனையை விட்டுடுங்க. சாயங்காலம் மேடையில வாழ்த்துரை அவளுக்கு.

துணி விஷயம். ரெண்டு சேலையும் ஒரே நாள்ல, ஒரே கட்டுல இருந்து எடுங்க. "ஒண்ணு இப்போ, இன்னொண்ணு அப்புறம்"னா அடுத்த சாயத்துல நிறம் மாறி வரும். கடை விளக்குல தெரியாது, வெயில்ல நிற்கும்போது பளிச்சுனு தெரியும். பெங்களூர்த் தோழியோட அளவு ஜாக்கெட்டை கூரியர்ல வரவழைச்சுடுங்க. போன்ல சொல்ற டேப் அளவை நம்பித் தைச்சா அக்குள்ல பிடிக்கும். தைக்கக் கொடுக்கும்போது ரெண்டு பக்கத் தையல்லயும் உள்ள ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்க. முந்தின ராத்திரி வந்து போட்டுப் பார்த்து இறுக்கமா இருந்தா, உள் தையலைப் பிரிச்சா போதும். துணியை வெட்டி எறிஞ்சுட்டா ஒண்ணும் செய்ய முடியாது.

முக்கியமா, உங்க கோவில்ல பீடத்துக்கிட்டச் செருப்பைக் கழற்றணுமான்னு பாருங்க. ஹீல்ஸ் போட்டுச் சேலை கட்டிட்டு, அங்க போய்க் கழற்றினா கொசுவம் ரெண்டு மூணு இஞ்ச் தரையில இழுபடும். படி ஏறும்போது கால் மாட்டும். கழற்றுற கோவில்னா மூணு பேரும் வெறுங்காலோடயே சேலை கட்டுங்க. மாப்பிள்ளை பக்கத்துக்கும் சொல்லுங்க, சாக்ஸ் ஓட்டை இல்லாம இருக்கணும், மார்பிள்ல வழுக்காம நடக்கணும்.

---

பின்பெஞ்சு பதில்:

மாப்பிள்ளைத் தோழன் பக்கத்தை யாரும் தொடவில்லையே.

மச்சினன் முறை என்று பெரியப்பா சொல்வது தவறில்லை. நம் பக்கத்தில் பல குடும்பங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்குத் துணையாக நிற்பான். தம்பிக்குக் கார் கதவைத் திறந்து மாப்பிள்ளையை இறக்கி, வாசலில் இருந்து பீடம் வரை கூட்டிவரும் வேலையைக் கொடுங்கள். ஊரே பார்க்கும் இடம் அது. பெரியப்பாவுக்கும் திருப்தி. மோதிரம், கையெழுத்து இரண்டும் அண்ணனிடம் போகட்டும். நண்பருக்கு அன்றைய நேரக் கணக்கு: எத்தனை மணிக்கு எந்தக் கார், போட்டோவுக்கு எந்தக் குடும்பம் அடுத்தது, யார் போனை எடுப்பது. மாப்பிள்ளையின் போன் காலை 7 மணியிலிருந்து நண்பர் கையில் இருக்க வேண்டும். இதை அண்ணனிடம் கொடுத்தால் நடக்காது, அவரை ஆளாளுக்கு இழுப்பார்கள்.

மோதிரம் பற்றிச் சில எச்சரிக்கைகள். புதுக் கோட்டின் வெளிப் பாக்கெட்டுகள் பெரும்பாலும் தையல் போட்டு மூடியே வரும். காலையில் அதைப் பிரிக்க பிளேடு தேடுவார்கள், துணி கிழியும். முதல் நாளே பிரித்துவிடுங்கள். மோதிரத்தை டப்பாவோடு பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வெல்வெட் டப்பாவின் ஸ்பிரிங் ஈர விரலுக்குத் திறக்காது. சின்னத் துணிப்பையில் இரண்டையும் போட்டு, வலக்கைக்காரர் என்றால் இடப்பக்க உள்பாக்கெட்டில் வைக்கட்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும், சாவிகூட, இருக்கக் கூடாது. கோவிலுக்குள் நுழைந்ததும் தட்டில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வெயிலில் விரல் கொஞ்சம் வீங்கும். மோதிரம் கணுவில் நின்றுவிட்டால் தள்ளாமல் திருகிக்கொண்டே ஏற்றச் சொல்லுங்கள். முழுதாக ஏறாவிட்டாலும் பரவாயில்லை, கணுவரை வந்தால் போதும். மீதியைப் பிறகு அவரவர் ஏற்றிக்கொள்ளலாம். அங்கே நின்று மல்லுக்கட்ட வேண்டாம்.

வரவேற்பு மேடையில் மொய்க் கவர்களைத் தோழன் வாங்கிப் பாக்கெட்டில் திணிப்பதைப் பார்க்கிறோம். அது அவர் வேலை அல்ல. அவர் போட்டோவுக்கு நிற்கிறார், கை குலுக்குகிறார், ஒரு கவர் கீழே நழுவினால் கவனிக்க முடியாது. மேடை ஓரம் ஜிப் வைத்த பையோடு ஒரு சொந்தக்காரர், கீழே நோட்டில் எழுத இன்னொருவர். இருவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருந்தால் கணக்கில் பேச்சு வராது.

ஒத்திகையை முந்தின நாள் மாலைக்கு வைக்காதீர்கள். ஜெபம், விருந்தாளி, மருதாணி என்று யாரும் கிடைக்க மாட்டார்கள். நீங்கள் இருவரும் பாவசங்கீர்த்தனத்துக்கு (பாவ அறிக்கைக்கு) கோவிலுக்குப் போகும் நாளிலேயே தங்கை, நாத்தனார், அண்ணன், தம்பி நான்கு பேரையும் வரச் சொன்னால் முக்கால் மணி நேரத்தில் முடியும். ஒரு பழைய துப்பட்டாவை நெட்டாகவும் ஒரு கயிற்றைத் தாலியாகவும் வைத்து மூன்று தரம் செய்து பாருங்கள். முதல் தரம் சிரிப்பார்கள், இரண்டாம் தரம் தப்பு தெரியும், மூன்றாவதுதான் ஒத்திகை.

---

கரிசல்காத்து பதில்:

எப்படிச் சொல்றதுங்கிற கடைசிக் கேள்விக்கு வர்றேன். இதுல பட்டுநூல் சொன்னதோட எனக்குக் கொஞ்சம் முரண் உண்டு. "தங்கைதான் தோழி, நாத்தனாருக்குத் தாலி நேரம்"ங்கிற முடிவு சரி. அதை அந்த வரிசையில சொன்னா தப்பாப் போயிடும். தங்கைதான் தோழின்னு முதல்ல வெளிய வந்துட்டா, அப்புறம் நாத்தனாருக்கு எதைக் கொடுத்தாலும் அது மிச்சம் மீதியாத்தான் தெரியும்.

முதல்ல நாத்தனார். அதையும் நீங்க போன்ல சொல்லாம, ரெண்டு பேருமா நேர்ல போய்ச் சொல்லுங்க. பேச்சை ஆரம்பிக்கிறது மாப்பிள்ளையா இருக்கட்டும், அவரோட அக்காதானே. "அக்கா, தாலி கட்டும்போது நீங்கதான் பின்னால நிக்கணும், முடிச்சு உங்க கையால விழணும். அன்னிக்கு அந்த நேரம் குழந்தையை யார் வெச்சுக்குறதுன்னு இப்பவே முடிவு பண்ணுவோம்." குழந்தையைப் பத்திக் கேட்டாத்தான், இது பேச்சுக்குச் சொல்றது இல்ல, நிஜமா யோசிச்சிருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியும். குழந்தையை உங்க மாமியார்கிட்ட விட வேண்டாம், அவங்க கையில அப்போ வேற வேலை இருக்கும். நாத்தனாரோட வீட்டுக்காரர் ரெண்டாவது பெஞ்சு ஓரமா வெச்சுக்கட்டும்.

அன்னிக்கே, அதே சாயங்காலம், தங்கைக்கும் தோழிக்கும் தனித்தனியாச் சொல்லிடுங்க. ஒரு நாள் இடைவெளி விட்டாக்கூட செய்தி வேற வாய் வழியாப் போயிடும். வாட்ஸப் குரூப்ல போடுறது எல்லாருக்கும் சொல்லி முடிச்ச பிறகு.

சொல்லும்போது "நீயும் வந்து நில்லு", "சும்மா பக்கத்துல இரு" மாதிரி வார்த்தை வேண்டாம். "சும்மா"ங்கிற ஒரு சொல் போதும், மூணு வருஷத்துக்குப் பேசுவாங்க. என்ன வேலை, எத்தனை மணிக்கு, எங்க நிக்கணும், துணிச் செலவு யாரோடது, இந்த நாலும் அந்த ஒரே பேச்சுல வந்துடணும். செலவு அவங்களோடதுன்னா, தைக்கக் கொடுத்த பிறகு சொல்லாதீங்க.

வேலையே இல்லாத பட்டத்தை யாருக்கும் கொடுக்காதீங்க. "கௌரவத் தோழி"ன்னு பேர் வெச்சு நாற்காலி போட்டு உட்கார வெச்சா ரெண்டு நிமிஷத்துல அவங்களுக்கே புரிஞ்சுடும். அதுக்குக் காணிக்கைப் பவனியில அப்பமோ இரசமோ எடுத்துட்டு வரச் சொன்னா ஆயிரம் மடங்கு மேல், ஆனா அதையும் கத்தோலிக்க உறவுகள்ல பார்த்துக் கொடுங்க.

ஒருத்தர் "எனக்கு அந்த இடம் இல்லைன்னா வரவே இல்ல"ன்னு நின்னா, இடத்தை மாத்தாதீங்க. ஒரு தடவை மாத்தினா மத்த ரெண்டு பேர்கிட்டயும் திரும்பப் போய்ப் பேசணும்.

---

மூணாம்_ஓலை:

குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரெண்டரை வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது, யாராவது பூக்கூடையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் தனியாக நடக்காது. நடுப்பாதையில் பாதி தூரத்தில் உட்கார்ந்துகொள்ளும், அல்லது அம்மாவைத் தேடித் திரும்பி ஓடும். நாத்தனார் இடுப்பில் தூக்கிக்கொண்டு பவனியில் வரட்டும், கூடை குழந்தை கையில் இருக்கட்டும். ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால் அது முன்னால் தனியாக நடக்கலாம். நடந்து முடிந்ததும் முதல் பெஞ்சில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க, அதற்குத் தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்க வேண்டும். திருப்பலி முழுக்க எந்தப் பிள்ளையையும் பீடத்தின் முன் நிற்க வைக்காதீர்கள். நிஜப் பூவிதழ் தூவ அனுமதி உண்டா என்று கோயில்பிள்ளையிடம் (கோவில் வேலைகளைப் பார்ப்பவர்) கேளுங்கள். பளிங்குத் தரையில் நசுங்கிய இதழ் சோப்பு மாதிரி வழுக்கும், அதன்மேல் அடுத்து நடந்து வருவது நீங்கள்தான். குழந்தை கையில் மோதிரத் தலையணை கொடுத்தால் அதில் கட்டியிருப்பது கவரிங் மோதிரமாக இருக்கட்டும்.

---

பட்டுநூல்:

கரிசல்காத்து சொன்ன வரிசை சரிதான், ஏத்துக்கிறேன். மாமியார் கையில வேற வேலை இருக்கும்னு அவர் சொன்னது தாலித் தட்டு. அதை யாரும் விளக்கல. தாலி, மாலை, பைபிள், ஜெபமாலை எல்லாம் ஒரே தட்டுல அடுக்கிக்கிட்டு வருவாங்க. மாலையை எடுக்கும்போது தாலிக் கயிறு அதோட நாரில் சுத்திக்கிட்டு வரும், சமயத்துல நழுவிக் கீழயும் விழும். தாலிக்கும் மோதிரத்துக்கும் தனிச் சின்னத் தட்டு, மாலைக்குப் பெரிய தட்டு. மாமியார் சின்னத் தட்டைக் கொண்டுவந்து திருப்பலி ஆரம்பிக்கும் முன்னாடியே கோயில்பிள்ளை கையில கொடுத்துடட்டும், அவர் பீடத்துப் பக்க மேசையில வெச்சுப்பார். கயிற்றைச் சுருட்டி வைக்காம நீட்டி வைக்கச் சொல்லுங்க, ஃபாதர் எடுக்கும்போது சிக்கல் இல்லாம வரும்.

---

மாசிநிலா:

நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேருமா நாத்தனார் வீட்டுக்குப் போறோம். தங்கைக்கும் தோழிக்கும் திரும்பி வந்த கையோட சொல்லிடுவேன். பங்கு அலுவலகத்துல கேட்கிற மூணு கேள்வியையும் எழுதி வெச்சுட்டேன், நாலாவதா செருப்புக் கேள்வியையும் சேர்த்திருக்கேன்.